தமிழில் இரசாயனப் பிணைப்பு: பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும்

தமிழில் விஞ்ஞானம் எழுதப்படத் தொடங்கிய காலந்தொட்டு எழுந்த வாதங்களைத் தொகுத்து நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். அவ்வாதங்களுட் பெரும்பாலானவை பெயர்ச்சொற்களைப் பற்றியவையே. ஒரு பொருளுக்கு வடசொல்லை ஆள்வதா, தனித்தமிழ்ச் சொல்லைப் படைப்பதா, ஐரோப்பியச் சொல்லை ஒலிபெயர்த்துக் கொள்வதா என்ற வினா நூறாண்டுக்கு மேலாக நம்மவரை ஆட்கொண்டு வந்துள்ளது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரின் முயற்சியின் பயனாக 1875இல் அச்சேறிய இரசாயன நூல், தன் பெயரையே 'கெமிஸ்தம்' என ஒலிபெயர்ப்பாக அமைத்துக்கொண்டது. 1916இல் இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் நிறுவிய பரிபாஷைச் சங்கம், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938இல் வெளியிட்ட 'கலைச்சொற்கள்', அப்பணியிற் பங்குகொண்ட, தாமே விஞ்ஞானப் பட்டதாரியான விபுலானந்த அடிகள், பின்னர் ஈழத்தில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் வெளியிட்ட சொற்றொகுதிகள் என இவ்வரலாறு விரியும். இவற்றின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இவை இல்லையேல் இக்கட்டுரையையே நாம் எழுதியிருக்க முடியாது.

எனினும், பெயர்களைப் பற்றி இத்துணை விழிப்பாயிருந்த நாம் அப்பெயர்களோடு வந்து முடியும் வினைகளைப் பற்றிக் கவலை கொண்டோமல்லோம். அணு என்ன செய்கின்றது, இலத்திரனுக்கு என்ன நிகழ்கின்றது என்று கூறும் வினைச்சொற்களை எவரும் குழு அமைத்து ஆராயவில்லை. அவை பேச்சு வழக்கிலிருந்தும் ஆங்கில நூல்களிலிருந்தும் தாமாகவே வந்து அமர்ந்துகொண்டன. ஆரம்ப இரசாயனத்தில், குறிப்பாக இலத்திரன் நிலையமைப்பு, இரசாயனப் பிணைப்பு ஆகிய பகுதிகளில், மாணவரைத் திகைக்கவைக்கும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கு இவ்வினைச்சொற்களே காரணம் என்பது எமது கருத்து.

இதனை ஆராய்வதற்குப் புதுக்குடியிருப்பு மாணவன் ஒருவனை மனங்கொள்வோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதி தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு ஆகிய ஊர்களைக் கடந்து அவனுடைய ஊரை அடைகின்றது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களிற் போரின் நடுவில் அகப்பட்ட ஊர் அது. வீடும் பள்ளியும் நூலும் ஒருங்கே இழந்து, படிப்படியாகவே மக்கள் திரும்பிவந்த ஊர். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கற்கும் மாணவனுக்கு ஒரு நூல் விளங்காவிடின் வேறொரு நூல் உண்டு; ஆங்கிலம் அறிந்தவனாயின் நூறு நூல்கள் உண்டு. நாம் கருதும் மாணவனுக்கோ தமிழ்ப் பாடநூலில் உள்ள வாக்கியமே பெரும்பாலும் முதலும் முடிவும் ஆகின்றது. ஒரு வாக்கியம் இத்துணைப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்போது அதன் வினைமுற்றைச் சோதிப்பது வீண்வேலையாகாது.

அவன் முதலிற் சந்திக்கும் வாக்கியம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: சோடியம் அணு உறுதியான நிலையமைப்பை அடைய விரும்பித் தன் இறுதி ஓட்டிலுள்ள ஓர் இலத்திரனைக் குளோரீனுக்குக் கொடுக்கின்றது, குளோரீன் அதனை ஏற்று எட்டு இலத்திரன்களைப் பூர்த்தி செய்துகொள்கின்றது. நூலுக்கு நூல், குறிப்பேட்டுக்குக் குறிப்பேடு சொற்கள் வேறுபடலாம். வாக்கியத்தின் அச்சு இதுவே. விரும்புதல், கொடுத்தல், ஏற்றல், பூர்த்தி செய்துகொள்ளுதல் ஆகிய நான்கு வினைகளும் உயர்திணைக்குரிய வினைகள். படத்தில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். மாணவன் அதனை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் பெறுவான்.

ஆயின் அளவீடுகள் கூறுவது வேறு. வாயு நிலையிலுள்ள சோடியம் அணுக்களிலிருந்து ஓர் இலத்திரன் வீதம் அகற்றுவதற்கு மூலொன்றுக்கு 496 கிலோயூல் சக்தி செலவிடப்படல் வேண்டும். அவ்விலத்திரன் குளோரீன் அணுவைச் சேரும்போது வெளிப்படுவது 349 கிலோயூல் மாத்திரமே. ஆகவே இக்கொடுக்கல் வாங்கலில் 147 கிலோயூல் நட்டம். தனித்து நிற்கும் ஒரு சோடியம் அணுவும் தொலைவில் நிற்கும் ஒரு குளோரீன் அணுவும் தம்முள் இலத்திரனைப் பரிமாற மாட்டா. சோடியம் 'விரும்பி'க் கொடுப்பதாயின் 496 கிலோயூலை எவரும் செலவிட வேண்டியதில்லையே! இந்நட்டத்தை ஈடுசெய்வது அயன்கள் பளிங்காக அடுக்கப்படும்போது வெளிப்படும் சாலகச் சக்தி. அது 787 கிலோயூல் அளவினது. திண்மச் சோடியத்தை அணுக்களாக்கவும் குளோரீன் மூலக்கூற்றைப் பிளக்கவும் ஆகும் செலவையும் கழித்த பின்னர் 411 கிலோயூல் எஞ்சுகின்றது. உப்பு உண்டாவது இம்மிச்சத்தினாலேயே.

எனவே பிணைப்பின் காரணம் ஒரு சோடியத்துக்கும் ஒரு குளோரீனுக்கும் இடையே நிகழும் கொடையன்று. பலகோடி அயன்களின் அடுக்கே அதன் காரணம். ஆனையிறவில் விளையும் உப்புக் கல் ஒன்றில் ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்களும், ஒவ்வொரு குளோரைட்டு அயனையும் ஆறு சோடியம் அயன்களும் சூழ்ந்து நிற்கின்றன. இச்சோடியம் எக்குளோரீனுக்குக் கொடுத்தது என்று அங்கே வினவ இடமில்லை. அம்புக்குறியை நம்பிய மாணவன் உப்பினுள்ளே சோடி சோடியாக மூலக்கூறுகள் இருப்பதாகக் கருதுவானாயின் அப்பிழை அவனுடையதன்று. 'கொடுத்தல்' என்ற வினைக்குக் கொடுப்போன் ஒருவனும் கொள்வோன் ஒருவனும் வேண்டும். அவன் இலக்கணத்தைச் சரியாகவே பின்பற்றியுள்ளான்.

ஒட்சிசனை நோக்கின் நிலைமை இன்னும் தெளிவாகின்றது. ஒட்சிசன் இரண்டு இலத்திரன்களை 'ஏற்க விரும்புகின்றது' எனக் கூறப்படும். முதலாவது இலத்திரன் சேரும்போது சக்தி வெளிப்படுவது உண்மை. இரண்டாவது இலத்திரனையோ, ஏற்கெனவே எதிரேற்றம் பெற்ற அயன் தள்ளுகின்றது. அதனைச் சேர்க்க மூலொன்றுக்கு 700 கிலோயூலுக்கு மேற்பட்ட சக்தி வேண்டும். விரும்பி ஏற்பவர் எவரும் வாயிலில் நின்று தள்ளுவதில்லை. ஒட்சைட்டு அயன் நிலைபெறுவது பளிங்கின் உள்ளேதான்.

ஈண்டு எமது அணியிலக்கணம் துணைக்கு வருகின்றது. இயல்பாக நிகழும் ஒன்றன்மேற் கவிஞன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுதலைத் தற்குறிப்பேற்றம் என்பர். கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகுகையில் மதிலின்மேல் அசையும் கொடிகள் அவர்களை வாராதீர் என மறித்துக் கைகாட்டுவதாக இளங்கோவடிகள் அமைத்த இடம் பாடசாலை மாணவர் யாவரும் அறிந்தது. அங்கே நாம் ஏமாறுவதில்லை. கொடியை அசைப்பது காற்று என்பது எமக்கு முன்னரே தெரியும். தெரிந்தமையாலேயே அணி அணியாகின்றது. இரசாயன நூலிலும் நிகழ்வது தற்குறிப்பேற்றமே. ஆனால் அங்கே மாணவனுக்குக் காற்று இன்னதென்று எவரும் கூறவில்லை. சக்தியாகிய காற்றைச் சொல்லாமற் கொடியை மாத்திரம் காட்டினால், கொடி தானே கைகாட்டுவதாக அவன் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அஃறிணைப் பொருளைச் செவியும் நாவும் உடையதாக வைத்துப் பேசும் வழக்கை நன்னூலாரும் ஏற்றுக்கொண்டவரே. எனினும் அவர் அதனைப் 'போல' என்ற உவமையோடு சேர்த்தே ஏற்றார். எமது பாடநூல்கள் அந்தப் 'போல'வைத் தவறவிட்டுவிட்டன.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். ஆங்கில நூல்களிலும் அணுக்கள் விரும்புகின்றன, தேடுகின்றன, மகிழ்ச்சியடைகின்றன. தொடக்க மாணவனுக்குக் கதை வேண்டும். சாலகச் சக்தியைப் பதினைந்து வயதில் எவ்வாறு விளக்குவது? இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆங்கிலத்திலிருந்தே இவ்வழக்கு எமக்கு வந்தது என்பதும் உண்மை. ஆயினும் கதை இறக்கப்படாமலே நின்றுவிடுவதுதான் எமது குறை. க.பொ.த. சாதாரண தரத்தில் முதல் இருபது மூலகங்களுக்குக் கூறப்பட்ட கதையோடு உயர்தர வகுப்பிற்குச் செல்லும் மாணவன், அங்கே கதை பொய்த்துப்போவதை ஒவ்வொரு பாடத்திலும் காண்கின்றான். எங்கே பொய்த்தது, ஏன் பொய்த்தது என்று கூறுவார் இலர்.

பொற்றாசியத்தை எடுத்துக்கொள்வோம். 2, 8, 8, 1 என எழுதுமாறு அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. மூன்றாம் ஓடு எட்டோடு 'நிறைந்துவிட்டது' என்று காரணமும் கூறப்பட்டிருக்கும். அதே நூல் மூன்றாம் ஓட்டின் கொள்ளளவு 18 என்றும் கூறும். பதினெட்டுப் பேர் இருக்கத்தக்க வீடு எட்டுப் பேரோடு நிறைவது எங்ஙனம் என்று வினவும் மாணவன் மந்தன் அல்லன், வகுப்பிலேயே கூர்மையானவன். விடை 'நிறைதல்' என்ற வினையில் இல்லை. பத்தொன்பதாம் இலத்திரன் சேரும்போது 3d உபமட்டத்தைவிட 4s உபமட்டத்தில் அது இருப்பது குறைந்த சக்தியுடையது என்பதே விடை. 'ஓடு' என்ற பெயரும் சற்றுத் தொல்லை தருகின்றது. முட்டையோட்டையும் தேங்காயோட்டையும் அறிந்தவனுக்கு அது கடினமான கலமாகவே தோன்றும். மாறாக 'ஒபிற்றல்' என்ற ஒலிபெயர்ப்பு அவனுக்கு எதனையும் நினைவூட்டாது. ஆதலால் எதனையும் தவறாகவும் நினைவூட்டாது. தூயதமிழ் அன்பர்கள் எம்மை மன்னிப்பார்களாக. (நீல்ஸ் போர் என்னும் தேன்மார்க்கு அறிஞர் 1913இல் வெளியிட்ட கொள்கை எமது நூல்களிற் 'போரின் அணுமாதிரி' என்றே தலைப்பிடப்படுகின்றது. வன்னி மாணவன் அத்தலைப்பை முதன்முதலில் எவ்வாறு வாசிப்பான் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை.)

குரோமியத்துக்கும் செப்புக்கும் வரும்போது 'அரைநிறைவு உறுதியானது, முழுநிறைவு உறுதியானது' என்ற புதிய கதை தொடங்குகின்றது. குரோமியம் 3d⁵ 4s¹ என்ற நிலையமைப்பை 'விரும்புகின்றது' எனக் கூறப்படும். அதே கூட்டத்திற் கீழே நிற்கும் தங்குதன் 5d⁴ 6s² என்றே உள்ளது. விருப்பம் ஒரு குடும்பத்திலேயே மாறுபடுகின்றது போலும்! இரு உபமட்டங்களின் சக்தி மிக நெருங்கியிருக்கையில் இலத்திரன்களுக்கிடையேயான தள்ளுகையும் பரிமாற்றச் சக்தியும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன என்று ஒரு வரி எழுதினால், முழுக் கணிதமும் தெரியாவிடினும் இது விருப்பத்தின் பாற்பட்டதன்று, கணக்கின் பாற்பட்டது என்பதாவது அவனுக்குத் தெரியும்.

எட்டின் விதி பொய்க்கும் இடத்தைக் காட்டத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. முல்லைத்தீவுக் கரைக்குத் தெற்கே புல்மோட்டையில் கருமணல் உண்டு. அதன் முதன்மைக் கனியமாகிய இல்மனைற்றில் இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனோடு கூடியுள்ளன. தைத்தானியம் நான்கு இலத்திரன்களை இழந்த நிலையில் ஆகனின் நிலையமைப்பைப் பெறுகின்றது. பாடநூலின் கதைக்கு அது நல்ல பிள்ளை. அருகில் நிற்கும் இரும்போ இரண்டு இலத்திரன்களை இழந்து 3d⁶ என்ற நிலையமைப்போடு, எந்த விழுமிய வாயுவையும் ஒத்திராமல், நெடுங்காலமாக அம்மணலிற் கிடக்கின்றது. அதற்கு யாதொரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. மேலும், நிரப்பும்போது 4s முதலில் நிரம்பியதாகக் கற்ற மாணவன், இழக்கும்போதும் 4s இலத்திரன்களே முதலில் நீங்குவதைக் கண்டு மயங்குகின்றான். அகற்றப்படும் இலத்திரன் அயனின் சக்தி மட்டங்களைப் பொறுத்தது, நிரப்பல் ஒழுங்கு அணுவுக்கு அணு இலத்திரன் கூடிச்செல்வதைப் பொறுத்தது என இரு கணக்குகள் வேறானவை. 'முதலில் வந்தவர் முதலிற் போவாரா?' என்ற மனிதக் கேள்வி அங்கே எழவேண்டியதே இல்லை.

பங்கீட்டு வலுப் பிணைப்பிற்கு வருவோம். ஜி. என். லூயிஸ் 1916இல் இரண்டு அணுக்களுக்குப் பொதுவான இலத்திரன் சோடி என்ற எண்ணத்தை முன்வைத்தார். லாங்மூர் 1919இல் அதற்கு ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். எமது பெயர் 'பங்கீடு'. இச்சொல்லைத் தெரிந்தவர்கள் நன்றாகவே தெரிந்தார்கள் என்று நாம் நெடுநாள் கருதியிருந்தோம். ஆயின் ஈழத்துத் தமிழில் பங்கீடு என்பது ஒன்றை வகுத்து ஆளுக்கு ஓரளவு கொடுத்தல். பங்கீட்டு அட்டை, பங்கீட்டு அரிசி என்பனவே அச்சொல்லின் வாழ்வு. மக்கள் அவ்வட்டையைக் 'கூப்பன்' என்றே அழைப்பினும் அரச ஏடுகளிற் பங்கீடே நின்றது. வரிசையில் நின்று நிவாரணம் பெற்று வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பங்கீடு என்றால் தன் பங்கு குறைவது. ஐதரசன் மூலக்கூற்றில் நிகழ்வதோ அதற்கு மறுதலை: இரண்டு இலத்திரன்களும் இரு கருக்களினதும் கவர்ச்சிக்கு ஒருங்கே உட்படுகின்றன, ஒவ்வோர் அணுவும் இரண்டையும் தன்னுடையதாக எண்ணுகின்றது. (நாமும் 'எண்ணுகின்றது' என எழுதிவிட்டோம், இவ்வழக்கிலிருந்து தப்புவது எளிதன்று.) இங்கே எதுவும் வகுக்கப்படவில்லை. அவ்விரு அணுக்களையும் பிரிக்க மூலொன்றுக்கு 436 கிலோயூல் வேண்டியிருப்பது அப்பொதுமையின் விலை.

இதன் விளைவை எண்ணிக்கையிற் காணலாம். எட்டைச் சரிபார்க்கும்போது பிணைப்புச் சோடியின் இரண்டு இலத்திரன்களையும் இரு அணுக்களுக்கும் முழுமையாக எண்ண வேண்டும். முறைமை ஏற்றத்தைக் கணிக்கும்போது அதே சோடியைப் பாதி பாதியாக வகுக்க வேண்டும். இரண்டும் இருவேறு கணக்குகள் என்று நூல் கூறாதவிடத்து, 'பங்கீடு' என்ற சொல் மாணவனை எப்போதும் பாதி பாதிக்கே இழுத்துச் செல்லும். பெயர் மாற்ற வேண்டும் என நாம் கூறவில்லை, அது நிலைபெற்றுவிட்டது. இப்பங்கீடு கூப்பன் கடைப் பங்கீடன்று, ஊர்க்கிணறு போன்றது, கிணற்று நீரை இரு வீட்டார் மொள்ளினும் கிணறு இரண்டாகப் பிளவுபடுவதில்லை என ஒரு வரி சேர்த்தாற் போதும். அங்கே 'போன்றது' என்ற சொல் இருக்கட்டும்.

சொல்லாக்கத்தார் செய்த ஒரு தெரிவை நாம் பாராட்டாமல் இருக்க இயலாது. ஓர் அணுவே இரண்டு இலத்திரன்களையும் வழங்கும் பிணைப்பை 'ஈதற் பிணைப்பு' என்றனர். ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் இரப்போனின் நிலை நோக்கி வேறுபடுத்திய தொல்காப்பியர், இழிந்தோன் இரக்கும் சொல்லாக 'ஈ' என்பதை வைத்தார். இடமற்று ஆறு இலத்திரன்களோடு நிற்கும் போரன் முப்புளோரைட்டுக்கு அமோனியா தன் தனிச்சோடியை வழங்குவதை நோக்குங்கால் அச்சொல்லின் பொருத்தம் வியப்பளிக்கின்றது. எனினும் இங்கும் வினை தன் எல்லையைக் கடக்கின்றது. அமோனியம் அயனில் நான்கு நைதரசன் ஐதரசன் பிணைப்புகளும் ஒன்றுபோலவே உள்ளன. எது ஈயப்பட்டது, எது பங்கிடப்பட்டது என்று எந்தக் கருவியாலும் பிரித்தறிய முடியாது. ஈதல் பிணைப்பின் வரலாறேயன்றிப் பிணைப்பின் இயல்பன்று. எழுதும்போது 'ஈதலால் உண்டான பிணைப்பு' என இறந்தகாலத்தில் எழுதினாற் குழப்பம் பெரும்பகுதி நீங்கும்.

'சடத்துவ வாயு' என்ற பெயருக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. 1962இல் நீல் பாட்லெற் செனனைப் பிளாற்றினம், புளோரீன் ஆகியவற்றோடு சேர்த்துச் சேர்வையாக்கினார். எமது சொற்றொகுதி 'விழுமிய வாயு' எனத் திருத்திக்கொண்டது. தமிழ்நாட்டிலோ 'மந்த வாயு' இன்றும் வழங்குகின்றது. மூலகம் அங்கே தனிமம். சேர்வை அங்கே சேர்மம். வலுவளவு அங்கே இணைதிறன். இலத்திரன் அங்கே எலக்ட்ரான். கிடைத்த தமிழகத்து நூலைத் திறக்கும் வன்னி மாணவன் தன் மொழியிலேயே அயலானாகின்றான். ஆனால் இரு கரையிலும் அணு 'விரும்புகின்றது'. வினையில் மாத்திரம் நாம் ஒன்றுபட்டுள்ளோம்.

குறைகூறல் எளிது, எழுதிக்காட்டுதலே அரிது என்பர். ஆகவே உப்பைப் பற்றிய அப்பகுதியை இவ்வாறு எழுதினால் என்ன என்று கேட்கின்றோம்:

"சோடியத்தின் இறுதி ஓட்டிலுள்ள ஓர் இலத்திரனை அகற்றச் சக்தி செலவாகும். குளோரீனோடு ஓர் இலத்திரன் சேரும்போது சக்தி வெளிப்படும். ஆனால் அது செலவுக்குப் போதாது. இவ்வாறு உண்டாகும் நேரயன்களும் எதிரயன்களும் நெருங்கி அடுக்கப்படும்போது மிகுந்த சக்தி வெளிப்படும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் சக்தி மிஞ்சுகின்றது. ஆதலால் உப்பு உண்டாகின்றது. சோடியத்தின் இரண்டாவது இலத்திரனை அகற்ற முதலாவதைப்போல் ஒன்பது மடங்கு சக்தி வேண்டும். அயன்களின் அடுக்கினால் அச்செலவை ஈடுசெய்ய இயலாது. எனவே சோடியம் உப்பில் ஒற்றை நேரேற்றத்தோடு காணப்படுகின்றது."

இதில் விருப்பம் இல்லை, எட்டும் இல்லை. ஆனால் எட்டு ஏன் அடிக்கடி காணப்படுகின்றது என்பதற்கான விடை உண்டு. வரவு செலவுக் கணக்கைப் பதினைந்து வயதுப் பிள்ளை அறியாது என எவரும் கூறார். வயற்காரன் வீட்டுப் பிள்ளை அதனை எம்மினும் நன்கறியும். குறையையும் ஒளிக்க மாட்டோம்: இப்பகுதி நீண்டது, மனனத்துக்கு இசையாதது, 'விரும்புகின்றது' என்ற ஒற்றைச் சொல்லின் வசதி இதற்கு இல்லை. இராஜாஜியின் 'திண்ணை இரசாயனம்' போன்ற நூலை எழுதத் துணிந்தவர்களுக்கு இருந்த கதைசொல்லும் திறன் எமக்கு இல்லை. அத்தகையோர் எழுதின் இதனினும் சிறப்புற எழுதுவர்.

பாடநூற் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம் மாத்திரம் உண்டு. நாம் கூறிய மாணவன் செல்லும் வீதியின் தொடக்கத்திலே, பரந்தனில், ஐம்பதுகளில் அமைக்கப்பட்டு எண்பதுகளின் நடுப்பகுதியிற் போரினால் நின்றுபோன இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்னோட்டத்தைச் செலுத்தி, குளோரீனையும் எரிசோடாவையும் அங்கே பெற்றனர். குளோரைட்டு அயனிலிருந்து இலத்திரனை மீட்டெடுக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பது அத்தொழிற்சாலையின் கணக்கேட்டில் ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டிருக்கும். பிணைப்புப் பற்றிய பாடத்தை அக்கணக்கேட்டிலிருந்து தொடங்கும் ஒரு நூல் எழுதப்படின், அதனை முதலில் புதுக்குடியிருப்புக்கு அனுப்புமாறு வேண்டுகின்றோம்.